கிளிகோரைத் தடுக்காத வாசல்

கிரேக்க எல்லையோரத்துக் கெவ்கேலியாவில் சூதாட்ட விடுதி திறந்த வருஷம் லுப்சோ மிளகாய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அதன் வாசலில் வேலைக்குச் சேர்ந்தான். வருகிறவர்களின் அடையாள அட்டையை வாங்கிக் கணினியில் பார்க்கிற வேலை. எல்லை தாண்டி வரும் கிரேக்கர்கள்தான் பணத்தை விடுவார்கள், நம் ஊருக்குச் சம்பளம்தான் வரும் என்று எல்லோரையும் போல அவனும் நம்பினான்.

ஒரு மத்தியானம் கிளிகோர் வந்து நின்றார். லுப்சோவின் கல்யாணத்தில் மணமக்கள் தலைக்கு மேல் கிரீடம் பிடித்த பெரியவர். அப்படிப்பட்டவரை அங்கே கூம் என்பார்கள். பெற்ற அப்பாவிடம்கூட முடியாது என்று சொல்லிவிடலாம், கூமிடம் சொல்ல வாய் வராது.

அட்டையை வைத்ததும் திரை சிவந்தது. என்னை உள்ளே விடாதீர்கள் என்று மார்ச் மாதம் அவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

"கூமே, நீங்க கையெழுத்துப் போட்டதுதானே இது?"

"போட்ட கையும் என்னுதுதான், இப்ப வந்த காலும் என்னுதுதான். வழிய விடுடா."

"உங்க வீட்டம்மா வசில்காவுக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சிடுவாங்க."

"அவளுக்கு உரிக்க வீட்டுல வெங்காயம் இருக்கு. அரை மணி நேரம்டா, வந்துர்றேன்."

"வேணாம் கூமே. உங்களுக்கு மிச்சம் இருக்கறது தக்காளி போட்டிருக்கிற அந்த பிளாஸ்டிக் கூடாரம் ஒண்ணுதான்."

கிளிகோர் குரலைத் தாழ்த்தினார். "உன் கல்யாணத்துல கிரீடத்தப் பிடிச்சுப் பிடிச்சு என் கை மரத்துப் போச்சு. முடியலன்னு கீழ போட்டேனா?"

லுப்சோ தன் ஊழியர் அட்டையை வைத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

ஒரு தடவை திறந்த பிறகு அடுத்த வாரம் எந்த முகத்தோடு மறுப்பது? முதல் தக்காளி பழுத்தபோது கூடாரம் வேறொருவர் கைக்குப் போயிருந்தது.

அந்த மாசக் கடைசியில் வசில்கா வந்தாள். உள்ளே தரை துடைக்கிற வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்களாம். தக்காளிச் செடியின் பச்சைக் கறை இன்னும் அவள் விரலில் இருந்தது.

"கையெழுத்துப் போட அவரக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்ததே நான்தான் லுப்சோ," என்றாள். "அப்புறம் நான் காவலுக்கே வரல. நீ வாசல்ல நிக்கிறியேன்னு நிம்மதியா இருந்துட்டேன்."

பிறகு தன் அட்டையை நீட்டினாள்.

திரை பச்சையாக வந்தது.