சந்தனம் பூசிய பீப்பாய்

துலுக்கானம் பசுவை ஓட்டிக்கொண்டு வருவதைக் கண்டதும் ஜானகிராமன் எழுந்து பீப்பாயை மறைத்தாற்போல் நின்றுகொண்டார். எட்டு நாளாக அவருக்கு இதே வழக்கம்.

யுத்தம் முடிந்து ஆவடி முகாமின் வேண்டாத சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, வெள்ளைக்கார அதிகாரியின் அறையைக் குளிர்வித்த யந்திரத்தை லாரி மெக்கானிக்கான அவர் எடுத்திருந்தார். அதன் குளிர்ச்சுருளை ஒடியாமல் வளைத்துப் பீப்பாய்க்குள் இறக்கினார். பீப்பாயில் இருந்தது கிளைக்கால். குளிர்தேசத்து லாரிகளில் தண்ணீர் உறையாதிருக்கக் கலக்கும் பாகு. பம்பு அதைச் செப்புக்குழாய் வழியே, ஊர்ப்பாலைச் சேர்த்துவைக்கும் தொட்டியைச் சுற்றி ஓட்டியது. பட்டணம் சேரும்வரை பால் திரியவில்லை. ஊரே வாயைப் பிளந்தது.

பீப்பாயின் மேல் விஷம் என்பதற்கு அடையாளமாக ஒரு மண்டையோடு அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்தால் யார் பால் கொண்டுவருவார்கள்? ஆயுதபூஜையைச் சாக்கிட்டு அதன்மீது சந்தனத்தைக் கனமாக அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டார். மறுநாள் குழாய் இணைப்பு சொட்டியது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். பாகு இனிக்கும் என்பதைத் துலுக்கானத்தின் கன்றுக்குட்டி அதற்குள் கண்டுபிடித்துவிட்டது.

"பூச்சி கடிச்சிட்ச்சி அண்ணாத்தே" என்று செத்த கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான் துலுக்கானம். அவர் தலையாட்டினார். அன்று மாலையே இணைப்பை இறுக்கினார், வாயையும்.

கதையில் வரும் கன்றானால் எழுந்து நியாயம் கேட்டிருக்கும். இந்தக் கன்று வைக்கோல் அடைத்த தோலாகத் துலுக்கானத்தின் கக்கத்தில் வந்தது.

"இங்கியே கறந்து ஊத்திட்டு போறேன். உன் மெசினு புண்ணியத்துல பொயப்பு ஓடுது" என்றவன், கன்றைப் பசுவின் முன் நிறுத்தினான். பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இன்னா கிராக்கி பண்ணிக்கினு கீது பாரு! நெத்தில ஒரு பொட்டு வெச்சா நம்பிடும். அந்த சாமி சந்தனத்துல துளி குடு அண்ணாத்தே."

சமையலறையில் சந்தனம் இருந்தது. உள்ளே போய் எடுத்து வந்திருக்கலாம். அவர் கால் அசையவில்லை.

"இரு, துலுக்கானம். நானே எடுத்துத் தரேன்."

திரும்பி நின்று பீப்பாயை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உள்ளங்கையில் உதிர்ந்தது. கறுப்பாக ஒரு கண்குழி தெரிந்தது.

"போதும் அண்ணாத்தே, துளிதான் கேட்டேன்" என்று சிரித்தான் துலுக்கானம்.

அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது கண்ணும், பிறகு பற்களும் வெளிப்பட்டன. துலுக்கானத்தின் சிரிப்பு அடங்கியது. நீட்டிய அவன் கை அப்படியே நிற்க, பின்னால் பசு வைக்கோல் கன்றை மெல்ல நக்கத் தொடங்கியது.