முதல் விலைக்குக் கொடுப்பதில்லை

றொட்னி மூன்றாம் முறையாகச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப் போகிறான் என்பது விடத்தல்தீவில் இரகசியமாக இருந்தது. இறங்குதுறை நாய்களுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

முப்பத்தாறு வயது. காலையில் துறையில் மீன் ஏலம் கூறுவது தொழில். 'உன்ர தொண்டைக்கு நீ கோட்டில நிக்கவேண்டிய ஆள்' என்று எவனோ விளையாட்டாகச் சொன்னதை இவன் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டான். முதல் தடவை மொழித் தாளில் ஒரு பந்தியைச் சுருக்கச் சொன்னார்கள். அவனுடைய சுருக்கம் மூலத்தைவிட ஐந்து வரி கூட வந்தது. அடுத்த தடவை அதைத் திருத்திக்கொண்டான். அப்போது பொது அறிவும் நுண்ணறிவும் சேர்ந்து காலை வாரின.

இம்முறை தவறினால் கட்டார். மனைவி ஜெனுஷாவின் அண்ணன் பஸ்ரியன் அங்கே ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். மைத்துனருக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். "றிசல்ற்ஸ் சரிவராட்டி அடுத்த மாசமே உன்னை ஏத்துறன்" என்றார், மீன்பெட்டியை லொறியில் ஏற்றுகிறவர் போல. றொட்னிக்குப் போக மனமில்லை. மனைவியையும் ஐந்து வயது மகளையும் விட்டுப் போகிற துணிவு அவனிடம் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லுகிற துணிவும் இல்லை. ஜெனுஷாவோ போங்கோ என்றும் சொன்னதில்லை, போகாதேங்கோ என்றும் சொன்னதில்லை. அவள் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பிள்ளைகள் விடையைத் தாங்களே கண்டுபிடிக்கவேண்டும் என்பது அவளுடைய கொள்கை. வீட்டிலும் அதுவே சட்டம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் பரீட்சை நடக்கும். பழைய வினாத்தாள், ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. ஜெனுஷாவின் ஃபோன் மணி அடித்ததும் அவள் தாளை உருவி எடுத்துச் சிவப்புப் பேனாவோடு குந்தினாள்.

"இருபத்தாறு."

"போன கிழமையும் இருபத்தாறுதானே?"

"அதுக்கு முதல் கிழமையும். நிலையான மனிசன் நீங்கள்."

ஆனால் அவள் பேனாவை மூடவில்லை. பழைய தாள்களையும் எடுத்து வந்து மேசையில் பரப்பினாள். "இஞ்சாருங்கோ. இந்த அஞ்சு பேப்பரில, ஒரு இடத்திலயாவது முதலாவது விடையைப் போட்டிருக்கிறியளோ?"

றொட்னி குனிந்து பார்த்தான். இரண்டு இருந்தது, மூன்று இருந்தது, நான்கு தாராளமாக இருந்தது. ஒன்று இல்லை.

"முதலாவது சரியா வரேல்லைப் போல."

"அறுவது இடத்தில வந்திருக்கு. எண்ணினனான். கண்ணை மூடிக்கொண்டு குத்திற பிள்ளைகூட ஒண்டை இப்பிடி ஒதுக்காது. ஏனப்பா?"

ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை துறையில் தெரிந்தது. படகு முதலாளி யாகப்பர் சம்மாட்டியின் பாரை மீனை ஏலம் கூறிக்கொண்டிருந்தான். வியாபாரி மர்சூக் நானா வழக்கம்போல முதல் விலையைக் கேட்டார். றொட்னி திரும்பியும் பார்க்காமல் அடுத்த குரலுக்குக் காதைக் கொடுத்தான். விலை ஏறியது, வேறொருவருக்குப் போனது.

"அப்புக்காத்துத் தம்பி," என்றார் மர்சூக் நானா, வக்கீலாகிவிட்டவனைக் கூப்பிடுகிற கேலியோடு. "பதினைஞ்சு வருஷமா நான்தான் முதல்ல கேக்கிறன். ஒருநாளாவது என்ட மூஞ்சைப் பாத்திருக்கிறீங்களா?"

றொட்னி அடுத்த கூடையைக் கூற மறந்து நின்றான். முதல் விலை ஒரு விலையே அல்ல, அது கேட்கிறவன் ஆழம் பார்க்கிற கல். அதை மதிக்கிறவன் ஏலக்காரனே அல்ல. காதுக்குப் பழகிய அந்தப் பழக்கம், கண்ணுக்கும் தொற்றியிருந்தது. இலங்கையின் மிக நீளமான ஆறு எது என்று கேட்டு முதலாவதாக மகாவலி என்று போட்டிருந்தால், 'இன்னும் மேலே போகும்' என்று அவன் காத்திருந்திருக்கிறான்.

மத்தியானம் அதைக் கேட்ட ஜெனுஷா, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு வைத்தியம் சொன்னாள்: விடைகளை எழுதும் கொப்பியால் மறைக்கவேண்டும், விடையை மனதுக்குள் சொன்ன பிறகே கொப்பியை எடுக்கவேண்டும். நல்ல வைத்தியம்தான். ஆனால் நேரம் ஓடத் தொடங்கியதும் கை தன் பாட்டில் ஒன்றைத் தாண்டிப் போனது.

நோயை வேரிலேயே பிடிப்போம் என்று றொட்னி முடிவெடுத்தான். புதன்கிழமை யாகப்பர் சம்மாட்டியின் நண்டுக் கூடை வந்தது. மர்சூக் நானா வாயைத் திறந்து முதல் விலை சொல்லி மூடுவதற்குள் றொட்னி கத்தினான்:

"தந்தாச்சு!"

மர்சூக் நானாவே பயந்துபோனார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, நண்டு பழுதோ?"

யாகப்பர் சம்மாட்டி படகிலிருந்து குதித்தார். "டேய், உனக்கென்ன விசரோ?"

"சோதினைக்குப் பழகினனான், அண்ணை."

"என்ர நண்டிலயோ பழகுறாய்? சோதினை முடியுமட்டும் இந்தப் பக்கம் தலைகாட்டாதை!"

அந்த ஏலம் அந்த இடத்திலேயே ரத்தாகி, நண்டு மீண்டும் கூறப்பட்டது. கூறியது வேறொருவர். தேர்வு முடியும்வரை, றொட்னிக்குப் பத்து நாள் தண்டனை. பதினைந்து வருடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் நீண்ட விடுமுறை அதுதான். காலை, மத்தியானம், பின்னேரம் எல்லாம் கொப்பியும் கையுமாக இருந்தான். முப்பத்தொன்று வந்தது. முப்பத்தைந்து வந்தது. முப்பத்தெட்டு வந்த அன்று ஜெனுஷா மீன் பொரித்தாள்.

கொழும்பில் தேர்வு மண்டபம் நிறைய அவனுடைய பாதி வயதுப் பிள்ளைகள். ஒன்பதாவது கேள்வியில் கை பழையபடி முதலாவது விடையைத் தாண்டியது. றொட்னி பேனாவை வைத்துவிட்டு, அனுமதி அட்டையை எடுத்து விடைகளை மூடினான். கண்காணிப்பாளர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன மறைக்கிறீங்க?"

"விடையளை, மிஸ்."

"யாரிட்ட இருந்து?"

"என்னட்ட இருந்து."

அவர் அட்டையைத் தூக்கிப் பார்த்தார், அடியில் ஒன்றுமில்லை. அவனை ஒரு தரம் பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். றொட்னி கண்ணை மூடி விடையைச் சொன்னான், அட்டையை எடுத்தான், முதலாவது விடையில் கோடு போட்டான். பிறகு பத்தாவது கேள்வியின் விடைகளை மூடினான்.

முடிவு சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இணையத்தில் வந்தது. தெரிவானவர்களின் சுட்டெண்கள் மட்டும் உள்ள பட்டியல். றொட்னி பார்க்கப் பயந்து ஃபோனை ஜெனுஷாவிடம் நீட்டினான். அவள் விரலால் மெல்ல இறக்கிக்கொண்டு போனாள். கடைசிப் பக்கத்தில், கடைசிக்குக் கொஞ்சம் மேலே, விரல் நின்றது. திரும்பவும் இலக்கம் இலக்கமாகப் பார்த்தாள். பிறகு அதே ஃபோனில் அண்ணனுக்கு அழைப்பு எடுத்தாள்.

"அண்ணா, இவர் வரேல்லை. அந்த இடத்தை வேற ஆருக்கும் குடுங்கோ. ஓம். ஓம், பாஸ்தான்."

ஃபோனை வைத்ததும் கதிரையில் இருந்து அழுதாள். றொட்னி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தான்.

"மடு மாதா கோயிலுக்கு நடந்து வாறனெண்டு நேர்ந்தனான்," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நான் பாஸ் பண்ணவோ?"

"நீங்கள் போகாமல் இருக்க. பாஸ் பண்ணிறது உங்கட வேலை, அதுக்கேன் மாதாவுக்குக் கரைச்சல்?"

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்கள் படிச்சிருக்க மாட்டியள்."

வழக்கறிஞராகப் போகிறவன் அதற்கு எதிர்வாதம் தேடிப் பார்த்தான். பிறகு வழக்கை விட்டுக்கொடுத்தான்.

"நாளைக்கு விடிய வெளிக்கிடுவம். நானும் நடக்கிறன்," என்றான்.

"அப்ப நல்ல செருப்பாப் பாத்துப் போடுங்கோ," என்றாள் அவள்.