மையத்து இயக்குநரின் முகம்

மக்கள் நலவாழ்வு மையத்தின் இயக்குநருக்குச் சொந்தமாக ஒரு முகம் கிடையாது. எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்களுடைய முகம் அவருக்கு வந்துவிடும். நெற்றிச் சுருக்கம், உதட்டோரத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எதுவும் விட்டுப்போகாது. ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பஸ் கட்டணம் ஏறியபோது ஒரு வாரம் பேசினார்கள்; இதற்கு அவ்வளவுகூட இல்லை.

பிறவியிலேயே அப்படி என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் அவருக்கும் ஒரு முகம் இருந்ததாகவும் தாங்கள் பார்த்ததாகவும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் யோசிக்கிறார்கள். டயர் கடைக்கு மேலே இரண்டு மாடிகளை வாடகைக்கு எடுத்து மையத்தைத் தொடங்கினார்கள். முதல் மாடியில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க ஒரு நர்ஸம்மா. இரண்டாவது மாடியில் குடும்பக் கஷ்டம், வேலைக் கஷ்டம், மனக் கஷ்டம் கேட்க இயக்குநர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் நம் பேச்சு அவர்களுக்குப் புரியாது, நம் கூச்சமும் புரியாது, ஆகவே நம்மவர்களுக்கு நம்மவர்களே என்பது மையத்தின் கொள்கை. கொள்கையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 'உங்களில் ஒருவராய்' என்று சுவரில் எழுதியும் வைத்தார்கள். அதற்குப் பிறகு இயக்குநர் பண்பாட்டுப் புரிதல் என்ற பயிற்சிக்கு வெளியூர் போய்வந்தார். வந்ததிலிருந்து இழுத்துப் பேசுகிறவர்களிடம் இழுத்துப் பேசினார், மென்று விழுங்குகிறவர்களிடம் மென்று விழுங்கினார், நொண்டுகிறவரோடு படியேறினால் தானும் நொண்டினார். அடுத்த வருஷம் லேசாக ஜாடை வந்தது. அதற்கடுத்த வருஷம் அச்சு அசலாக வந்துவிட்டது. பச்சோந்திக்குக்கூட இலை தழை இல்லாதபோது ஒரு நிறம் உண்டு. இவர் மதிய வேளையில் தனியாக நாற்காலியில் தூங்கியதை ஒருநாள் பெருக்க வந்தவள் பார்த்தாள். பிசைந்து மூடி வைத்த மாவு மாதிரி இருந்தது என்றாள். ஈ மொய்க்கப்போகிறதே என்று ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜனங்களுக்கு இது பிடித்திருந்தது. தன் முகத்திடம் தன் குறையைச் சொல்வதில் என்ன வெட்கம்? மரவேலை செய்கிற ஒருவருக்குச் சர்க்கரை எகிறியபோது, இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்று நர்ஸம்மா திட்டி மேலே அனுப்பினாள். மேலே அவருடைய முகமே உட்கார்ந்து, "ஒரு வாய் சாப்பிட்டா உயிரா போயிடும்?" என்று கேட்டது. உயிர் போகவில்லை, கால் பெருவிரல்தான் போயிற்று. அவர் இயக்குநரைக் குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? சொன்னது அவர் வாய்தானே. இயக்குநரின் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லை, என் மூஞ்சியோடு நானே குடும்பம் நடத்துகிறேன் என்று அவள் சக ஆசிரியைகளிடம் சொல்வாள். அவர்களில் சிலர் அதுவும் ஒரு கொடுப்பினைதான் என்றார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நன்கொடை கொடுப்பவர்கள் பார்வையிட வருவார்கள். அன்று இயக்குநருக்குக் கன்னமெல்லாம் சதை வைத்துவிடும். அன்றைக்கு எடுக்கும் படத்தில் நன்கொடைக் குழுவின் தலைவர் இரண்டு பேராக நிற்பார். இடது பக்கம் குழைந்து நிற்பவர் இயக்குநர் என்று கீழே எழுதி மாட்டுவார்கள்.

தையல்காரி அங்கே போனது காதுக்காக. சலவைக்கடையின் பின்னறையில் பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததைத் தைப்பது அவள் வேலை. புருஷன் வேன் ஓட்டுகிறவன். குளிர்சாதனப் பெட்டிகளை வீடு வீடாக இறக்கி வைப்பான். மூன்றாவது மாடிவரை தன் முதுகிலேயே தூக்கிக்கொண்டு போய்க் கிழவர்களுக்கு இறக்கிக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் வருகிறவன் என்று நல்ல பேர். வீட்டுக்கு வந்தால் அந்தக் கை வேறு கை. அவன் விட்ட ஒரு அறையில் அவளுக்கு இடது காது அடைத்துப்போயிற்று. படியில் விழுந்துவிட்டேன் என்று நர்ஸம்மாவிடம் சொன்னாள்.

நர்ஸம்மா கன்னத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். "உங்க வீட்டுப் படிக்கு அஞ்சு விரலா?"

நர்ஸம்மா காதுக்குள் மருந்து விட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள். பின் தெருவில் மையத்துக்கு ஒரு வீடு இருக்கிறது. வீட்டைவிட்டு வரவேண்டிய பெண்கள் தங்க அதில் நாலு அறைகள். சாவிகள் இயக்குநரின் மேஜை இழுப்பறையில். "போய்க் கேளுங்க. கொடுக்கறதுக்குத்தான் வச்சிருக்கு."

அவள் மேலே போனாள். தன் முகத்தை எதிரே பார்த்ததும் முதலில் திடுக்கிட்டாள். பிறகு அழுகை வந்தது. அதுவும் அழுதது. கல்யாணமானதிலிருந்து அவளுக்காக இன்னொருவர் அழுதது அதுதான் முதல் தடவை என்பதால் எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்டு முடித்த முகம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய குரலிலேயே, கோபம் இருக்கிற இடத்தில்தானே குணமும் இருக்கும், கொஞ்சம் பொறுத்துப்போனால் சரியாகிவிடும், வெளியே தெரிந்தால் நமக்குத்தானே அசிங்கம் என்றது. பாத்திரம் கழுவும்போது தினமும் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற வார்த்தைகள்தான், ஒரு எழுத்து மாறவில்லை. தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டதை ஒரு அலுவலகம் சொன்னவுடன் அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. இழுப்பறையை அவர் திறக்கவே இல்லை. குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுவதுதான் நம் முறை என்று சொல்லி, புருஷனையும் ஒருநாள் வரச்சொல்லிவிட்டார்.

புருஷன் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அவன் நாற்காலியில் சாய்ந்ததும் இயக்குநரின் தாடை அகன்றது, புருவம் அடர்ந்தது. இரண்டு தொண்டைகளும் ஒரே நேரத்தில் கனைத்தன. பெண்பிள்ளை கொஞ்சம் வாயை அடக்கினால் வீட்டில் ஏன் சண்டை என்று ஒரு புருஷன் கேட்க, அதானே என்றான் இன்னொரு புருஷன். ஒருவனுக்கே பதில் சொல்லத் தெரியாதவள் இரண்டு பேருக்கு என்ன சொல்வாள்? அவன் கூடவே வீட்டுக்குப் போனாள். ஊர் சிரிக்கும்படி என்னை அங்கே உட்காரவைத்துவிட்டாயே என்று அந்த வாரமே அவன் அவளுடைய வலது கையைப் பிடித்து, அறைக் கதவின் இடுக்கில் வைத்துச் சாத்தினான். இரண்டு விரல்கள் நசுங்கின. ஊசியில் நூல் கோக்கிற விரல்கள்.

அவனுக்கு ஒரு அக்கா. கறிக்கடை வைத்திருப்பவள். தாய் செத்தபோது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே எலும்பு வெட்டியவள், தானும் சாப்பிடாமல் அவனுக்கு ஊட்டியவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். அவள் கடையில் பேரம் பேச யாரும் துணிந்ததில்லை. கடையில் கட்டிக்கொள்ளும் மேலுடுப்பின் பட்டை அறுந்துபோய், தைத்துவாங்கச் சலவைக்கடைக்கு வந்தவள் தையல்காரியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். மெஷினில் மாட்டிக்கொண்டது என்றாள் தையல்காரி. நாத்தனார் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். எலும்பு எதனால் போனது என்று அவளிடம் பொய் சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்க அதையே பார்த்தவள். கட்டைத் திரும்பக் கட்டிவிட்டு, "கிளம்பு" என்றாள், அவ்வளவுதான். மையத்துக்குப் போகிற வழியில் தையல்காரி பின் தெரு வீட்டையும் சாவியையும் பற்றிச் சொன்னாள்.

இயக்குநருக்கு அன்று வந்த முகத்தில் மூக்கு புடைத்து, மோவாயில் ஒரு மருவும் அதில் இரண்டு முடியும் இருந்தன. நாத்தனார் சிறிது நேரம் அதைப் பார்த்தாள்.

"இதான் என் மூஞ்சியா? சகிக்கலை. சரி, சாவியை எடு."

"சாவியை எடு" என்று அதே அதட்டலில் தன்னையே அதட்டிக்கொண்டார் இயக்குநர். இழுப்பறையைப் படாரென்று இழுத்து, ஒரு சாவியை மேஜைமேல் வீசினார். வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் பெண்கள் வந்தால் வீட்டு ஆண்களுக்குத் தெரியப்படுத்துவது மரியாதை என்று மையத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வருகிறவர்களின் பேரை எழுதிக்கொள்ள வாசலில் உட்கார்ந்திருந்தவர் மரியாதையாகப் போன் போட்டிருந்தார். வேன் கீழே டயர் கடை வாசலில் நின்றது, படிகள் அதிர்ந்தன, புருஷன் உள்ளே வந்தான்.

வந்ததும் இயக்குநரின் முகம் அடுப்பில் வைத்த மெழுகாக இளகத் தொடங்கியது. மூக்கு அக்காவுடையதாகவும் தாடை தம்பியுடையதாகவும் இருக்க, வாய் என்ன சொல்வதென்று தெரியாமல் கோணிக்கொண்டு நின்றது. சாவியை நோக்கி அவர் கை மெல்லத் திரும்பவும் நகர்ந்தது. நாத்தனார் எழுந்தாள். வெட்டுக்கட்டையில் ஆட்டுத்தலையைத் திருப்புகிற மாதிரி மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என்னைப் பாரு. அங்க என்ன பார்வை?" முகம் மறுபடி அக்காவாகக் கெட்டிப்பட்டது. கதவருகே நின்றவனுக்கு இப்போது இரண்டு அக்காக்கள். எந்த அக்காவிடம் பேசுவது என்று குழம்பி அவன் தப்பான அக்காவின் அருகில் போய், "அக்கா, நான் சொல்றதை..." என்று ஆரம்பித்தான். அந்த அக்கா பளாரென்று ஒரு அறை விட்டாள். மையம் தொடங்கிய நாளிலிருந்து இயக்குநர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதுவும் அவருடையது அல்ல.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முதுகில் பெட்டி தூக்குகிற அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. இனிமேல் கை நீட்டமாட்டேன், உன் மேல் சத்தியம் என்றான், நிஜ அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு. அங்கேதான் நாத்தனாருக்குக் கை தளர்ந்தது. இடுப்பில் வைத்து வளர்த்தவன். இயக்குநரின் மோவாயை விட்டுவிட்டுத் தம்பியின் தலையில் கை வைத்தாள். தையல்காரியின் பக்கம் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பிடிக்க ஆளில்லாத இயக்குநரின் முகம் அறைக்குள் இங்குமங்கும் தேடி, கடைசியில் தையல்காரியிடம் வந்து நின்றது. அவளுடைய கண், அவளுடைய ஈரம், அவளுடைய காய்ந்த உதடு. "பாவம், அழறாரே" என்றது அவள் குரலில். "பெரியவங்க முன்னாடி சத்தியம் பண்றார். இந்த ஒரு தடவை..."

தையல்காரி அதை உற்றுப் பார்த்தாள். இத்தனை வருஷம் சமையலறையில் தன்னிடம் பேசிக்கொண்டிருந்தது இந்த மூஞ்சிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்படிக் கெஞ்சுகிற ஒருத்தியை வேறு எங்கேயாவது பார்த்திருந்தால் தூ என்று துப்பியிருப்பாள். தன் முகமாக இருந்ததால் துப்பவில்லை.

"வாயை மூடு" என்றாள்.

முகம் வாயை மூடிக்கொண்டது. அவள் இடது கையால் சாவியை எடுத்தாள். தரையில் கிடந்தவனைச் சுற்றிக்கொண்டு போக இடமில்லை. காலைத் தூக்கித் தாண்டித்தான் போனாள். நாத்தனாரை அண்ணி என்று ஒரு வார்த்தை கூப்பிட நினைத்தாள், கூப்பிடவில்லை. நாத்தனாரும் திரும்பவில்லை.

பின் தெரு வீட்டில் அவளுக்குக் கிடைத்தது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள அறை. சுவர் ஓதம் காத்தது, குழாய் இரவெல்லாம் முனகியது, ஒற்றைக் காதால் கேட்பதால் அவளுக்குப் பாதிதான் தொந்தரவு. அங்கே இரண்டு வருஷம் இருந்தாள். விரல்கள் கோணலாகவே கூடின; நடுவிரலாலும் மோதிரவிரலாலும் நூல் கோக்கப் பழகிக்கொண்டு, பிறகு வேறு தெருவில் சொந்தமாக ஒரு சின்னக் கடை பிடித்தாள். புருஷன் சத்தியத்தைக் காப்பாற்றினானா என்று சோதித்துப் பார்க்க அவள் போகவில்லை. நாத்தனார் ஒரு வருஷம்வரை எட்டிப் பார்க்கவில்லை. தம்பிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒருநாள் மறுபடி பட்டை அறுந்த மேலுடுப்போடு வந்து நின்றாள். பட்டை கத்தியால் அறுத்த மாதிரி நேராக அறுந்திருந்தது. தையல்காரி அதைக் கவனித்தாள், ஒன்றும் கேட்காமல் தைத்துக் கொடுத்தாள்.

அதற்குள் மையத்தில் காரியம் ஆக வேண்டியவர்கள் வழியைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். தனியாகப் போகக்கூடாது, வீட்டில் யாருக்குக் குரல் பெரியதோ அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் இயக்குநருக்கு நேர் எதிரே உட்காரவைக்க வேண்டும். குரல் பெரிய உறவுக்காரர் இல்லாதவர்கள், கறிக்கடை விடுமுறை நாளில் நாத்தனார் வீட்டு வாசலில் நின்றார்கள். "அக்கா, ஒரு பத்து நிமிஷம் மையத்துக்கு வந்துட்டுப் போறீங்களா?" அவளும் முணுமுணுத்துக்கொண்டே போய்வந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசு, வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி, பின் தெரு அறைகள் எல்லாம் கிடைத்தன. மையத்தின் சேவை அபாரமாக முன்னேறிவிட்டதாக நன்கொடையாளர்கள் மகிழ்ந்து இயக்குநருக்கு விருது கொடுத்தார்கள். அவரிடம் பயிற்சி பெற மற்ற ஊர்களிலிருந்து ஆட்களை அனுப்பினார்கள். பயிற்சி அறையில் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் யாருக்கும் முகம் இல்லை. திருப்திகரமாக முடிந்தது என்று எழுதிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள்.

தையல்காரி இப்போதும் விரல் பயிற்சிக்காக நர்ஸம்மாவிடம் போவதுண்டு. அப்படி ஒருநாள் வேலை நடுவில் எழுந்து வந்தவள், இயக்குநர் படியில் இறங்கி வருவதைப் பார்த்தாள். அவளைக் கண்டதும் வழக்கம்போல அவருக்கு அவள் முகம் வந்தது. நல்லா இருக்கீங்களா என்று அவள் குரலில் கேட்டார். அவள், "கொஞ்சம் நில்லுங்க" என்றாள். நின்றார். எதிரே இருந்த கன்னத்தில் துணிக்குக் கோடு போடுகிற சாக்கட்டி தீற்றியிருந்தது, காதோரம் முடி கலைந்திருந்தது. அதைப் பார்த்துத் தன் கன்னத்தை முந்தானையால் துடைத்தாள், முடியை ஒதுக்கினாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள். பிறகு மேலே போனாள்.