வயலுக்குக் கீழே இருப்பவர்

வியாழக்கிழமை எங்கள் வயல் குழியை அடைக்கக் கான்கிரீட் லாரி வருவதாக இருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை குகைகளிலும் பழைய சுரங்கங்களிலும் இறங்கிப் பார்க்கிற கிளப்காரர்கள் கடைசியாக ஒருமுறை இறங்கிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று என் மகன் ரஸ்ஸல் சொல்லியிருந்தான். அவன் காட்டிய ஒரே சலுகை அதுதான்.

எங்கள் மேட்டு வயலில் பழைய ஈயச் சுரங்கம் ஒன்றின் வாய் இருக்கிறது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இந்தப் பக்கம் அப்படியொரு குழி இல்லாத பண்ணை அபூர்வம். பலர் குப்பையையும் செத்த ஆட்டையும் போட்டு நிரப்பிவிட்டார்கள். எங்கள் குழி அந்தக் கதிக்கு ஆளாகாததற்கு என் கணவர் நெவில்தான் காரணம். அதன் மேல் ஒரு இரும்பு மூடியும் பூட்டும் போட்டிருந்தார். கிளப்பிலிருந்து வருகிறவர்கள் எங்கள் சமையலறைக் கதவைத் தட்டிச் சாவி வாங்குவார்கள். எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். நேரம் தப்பினால் மீட்புக் குழுவுக்குப் போன் செய்யவேண்டும். நெவில் காலமான பிறகு அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. தொல்லை என்று சொல்லிக்கொண்டே செய்துவந்தேன். ஆனால் இந்த வாசலில் நின்று "நாலு மணிக்கு வந்துடுவோம்" என்று என்னிடம் சொல்ல வேறு யாரும் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

கோடையில் எங்கிருந்தோ வந்த சிலர் பூட்டை அறுத்து உள்ளே இறங்கிவிட்டார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தது. அவனைத் தூக்கியெடுக்க ஒரு பகல் முழுக்க ஆனது. கிளப்காரர்கள் கனமான புது மூடி போட்டுத் தருகிறோம், காப்பீட்டையும் கிளப் பெயரிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ரஸ்ஸல் கேட்கவில்லை.

"இந்தத் தடவை காலு. அடுத்த தடவை பொணமா வந்தா கோர்ட்டுல யாரும்மா போய் நிக்கிறது? கிளப்பா? நீதானே?"

நான் தலையாட்டினேன். பயம் ஒரு காரணம். இன்னொன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ரஸ்ஸல் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அந்தக் குழியை நிரப்பிவிடச் சொல்லி நெவிலிடம் கெஞ்சியிருக்கிறேன். அவர் மூடி போட்டார், பூட்டுப் போட்டார், நிரப்ப மட்டும் சம்மதிக்கவில்லை. "அங்க பெரியவர் இருக்கார், ஹெட்டி. அவரைத் தொந்தரவு பண்ண வேணாம்" என்றார். நான் அறிந்தவரை அந்த வீட்டில் பெரியவர் என்றால் ஒருவர்தான். என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோய், முன்னறைச் சுவரில் மீசையோடு மாட்டப்பட்டிருந்த மாமனார். சுரங்கத்தைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நான் கடற்கரை ஊர்க்காரி. இந்தக் குன்றுகளுக்கு நடுவே எதையும் இரண்டாம் தரம் கேட்காமல் இருப்பதுதான் என் கௌரவமாக இருந்தது. ஆகவே கேட்கவில்லை. ஒரு புகைப்படத்துக்குக் கட்டுப்பட்ட மருமகளாகவே காலத்தை ஓட்டினேன். கான்கிரீட்டுக்குச் சரி என்று சொன்னபோது அந்த மீசைக்கு முதன்முதலாக எதிர்த்துப் பேசிவிட்டது போல உள்ளே ஒரு திருப்தி இருந்தது.

சனிக்கிழமை காலை லென் ஆல்சாப்பும் மொய்ராவும் வந்தார்கள். லென் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மொய்ராவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சண்டை போடப்போகிறார்கள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். லென் தொப்பியைக் கழற்றினார்.

"இத்தனை வருஷம் விட்டீங்களே, அதுவே பெரிசு, கண்ணு. கிளப்ல எல்லாரும் நன்றி சொல்லச் சொன்னாங்க."

மொய்ரா ஒரு இஞ்சி கேக்கை மேசைமேல் வைத்தாள். என் பதில்கள் எதற்கும் உதவாமல் போயின.

"மூடுறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்களேன்," என்றாள்.

"என் வயசு தெரியுமா உனக்கு?"

"லென்னைவிடக் கம்மிதான். அவருக்கு இடுப்பு எலும்பே மாத்தினது."

"அந்தக் கணக்குல பார்த்தா இடுப்பு இன்னும் கைக்குழந்தை," என்றார் லென்.

எப்படிச் சம்மதித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. நெவிலின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டேன். ஹெல்மெட்டை மொய்ரா மாட்டிவிட்டாள். இடுப்பிலும் தொடையிலும் வார் கட்டி, கயிற்றில் என்னை மெல்ல இறக்கினார்கள். வானம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியது. கீழே கால் பட்டபோது குளிரும் இல்லை, சூடும் இல்லை.

சுரங்கவழி ஒரு ஆள் குனிந்து போகிற உயரம்தான். தரையில் இரண்டு பக்கமும் மெல்லிய கயிறு கட்டியிருந்தார்கள்.

"கயிறுக்கு நடுவுலயே வாங்க. நான் கால் வைக்கிற இடத்துலயே வைங்க," என்றாள் மொய்ரா.

"ஏன், இடிஞ்சு விழுமா?"

"இல்ல. அந்தப் பக்கம் ஆள் நடந்திருக்கு."

விளக்கைத் திருப்பிக் காட்டினாள். கயிற்றுக்கு அப்பால் சேற்றில் ஆணி வைத்த காலணித் தடங்கள் இருந்தன. ஈரம் மாறாமல், நேற்று நடந்துபோனவை போல இருந்தன. யாரோ முட்டி ஊன்றிய இடத்தில் கால்சட்டைத் துணியின் வரிகள்கூடப் பதிந்திருந்தன. சுவரில் மெழுகுவர்த்தி நிறுத்துவதற்காக அப்பிய களிமண் உருண்டை, அதில் ஒரு கட்டைவிரல் பள்ளம். என் கை தானாகவே அதை நோக்கிப் போனது.

"கண்ணால மட்டும், கண்ணு," என்றார் லென்.

"இது என் வயல், லென்."

"வயல் உங்களதுதான். இது பெரியவரோடது."

பையில் கொண்டுவந்திருந்த இஞ்சி கேக்கை எடுத்து ஒரு துண்டு கிள்ளி, பாறை விளிம்பில் வைத்தார். மிச்சத்தை எங்களுக்குக் கொடுத்தார்.

"யாருக்கு அது?"

"பெரியவருக்குத்தான். அவருக்கு வைக்காம நாங்க சாப்பிடறதில்ல."

"எந்தப் பெரியவர்? என் மாமனாரா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மொய்ரா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"உங்க மாமனார் சாப்பாட்டுப் பிரியர்தான், ஆனா அவர் இல்ல," என்றார் லென். "நூத்துக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்க ஈயம் தோண்டினவங்க அத்தனை பேரும். ஒருத்தர் பேரும் தெரியாது. அதனால எல்லாரையும் சேர்த்து ஒரே ஆளாக்கிட்டோம். அவங்க தோண்டின பொந்துக்கும் அதே பேருதான். நெவில் சொன்னதில்லையா?"

"சொன்னார்," என்றேன். "சொல்லிக்கிட்டேதான் இருந்தார்."

அப்புறம் நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அங்கே ஒரு கல்மேல் உட்கார்ந்து, ஒரு வார்த்தையை முப்பது வருஷம் தவறாகவே சுமந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். நெவில் தன் அப்பாவுக்கு என்னைவிட மேலான இடம் தரவில்லை. பெயர் இல்லாத மனிதர்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம் என்றுதான் என்னைக் கேட்டிருக்கிறார். சிரிப்பு ஓய்ந்ததும் அவர்மேல் எழுந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஒருவர் கால்வைத்த இடத்திலேயே அடுத்தவரும் வைத்து, அந்த முட்டித் தடத்தை இத்தனை காலம் அழியாமல் காப்பாற்றிய இவர்களுக்கும் நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. அங்கேயே சொன்னேன். லென்னுக்கு வெட்கமாகிவிட்டது. கயிற்றின் முடிச்சைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டார்.

மேலே வந்தபோது ரஸ்ஸல் வேலியோரம் நின்றிருந்தான். என் கோலத்தைப் பார்த்து அவன் முகம் வெளுத்தது.

"உனக்கென்ன பைத்தியமாம்மா?"

"லாரி வேணாம்னு சொல்லிடு."

"அம்மா."

"புது மூடி அவங்களே போடறாங்க. காப்பீடு அவங்க பேர்ல. பூட்டு அறுக்க முடியாதது."

"அறுத்தா? எவனாவது விழுந்து செத்தா?"

அவன் பயத்தைச் சின்னதாக்க எனக்கு மனம் வரவில்லை. அது எனக்காகப் படுகிற பயம்.

"நீ பயப்படறது நியாயம்தான்," என்றேன். "அதனாலதான் தெரிஞ்சவங்க கையில விடணும்னு சொல்றேன். கூடவே பொறுப்பானவங்க இருந்தா எவனும் திருட்டுத்தனமா அறுக்க வரமாட்டான். கான்கிரீட் ஊத்திட்டா உள்ள இருக்கிறதை யாரும் பார்த்துக்க முடியாது. ஒருத்தரோட முட்டி இருக்குடா அங்க, துணி வரியோட."

அவன் என்னையும் சேறு வழியும் தன் அப்பாவின் கால்சட்டையையும் பார்த்தான். பிறகு லென் பக்கம் திரும்பினான்.

"ஆடு குட்டி போடுற மாசத்துல யாரும் வயலுக்குள்ள வரக்கூடாது."

"வரமாட்டோம்," என்றார் லென்.

"ஒரு நேரத்துல எத்தனை பேர் இறங்குவீங்க?"

"ஆறு."

"நாலு."

லென் என்னைப் பார்த்தார். நான் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அஞ்சு," என்றார்.

ரஸ்ஸல் போனை எடுத்து, கான்கிரீட்காரனின் எண்ணைத் தேட ஆரம்பித்தான்.