ஏழு கிலோவுக்குள் செல்லக்கனி

ஐயாதுரைக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும். ராஜபாளையத்தில் லோடு வண்டி ஓட்டுகிறவன் அவன். குட்டியானை என்று சொல்வார்களே, அந்த வண்டி. பஞ்சு மூட்டையோ பீரோவோ, ஏற்றுகிற சாமான் வண்டியை அடைத்துக்கொண்டு நின்றால்தான் அவனுக்கு ஓட்டின மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவன், பெண்டாட்டி முதன்முதலாக விமானம் ஏறப் போகிறாள் என்றால் சும்மா இருப்பானா? யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் முத்து முகம்மது கடைக்குப் போய், நாலு சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டி ஒன்றை வாங்கி, தெரு முழுக்க உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். வண்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் தெரு பார்க்க வேண்டாமா?

பார்க்கத்தான் வேண்டும். மில்லில் வேலை பார்க்கும் செல்லக்கனி, டெல்லியில் நடக்கும் வலுதூக்கும் போட்டிக்குப் போகிறாள். இரண்டு பிள்ளை பெற்றவள், தரையில் கிடக்கும் நூற்றிருபது கிலோ இரும்பை அலுங்காமல் தூக்கி இடுப்புக்கு நேரே நிறுத்துவாள். அவள் வயதுப் பிரிவில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போதெல்லாம் ஐயாதுரையின் மீசை தானாக ஒரு முறுக்கு ஏறும். "வீட்டுல சண்ட வந்தா நீ என்னலே செய்வ?" என்று லோடு ஏற்றும் இடத்தில் கேலி பேசுவார்கள். "சண்டையே வராதுலே" என்பான், வெட்கமே இல்லாமல்.

ஷிப்ட் முடிந்து வந்த செல்லக்கனி பெட்டியின் நிறத்தைப் பார்க்கவில்லை. தையல் மிஷின் மேல் கிடந்த டேப்பை எடுத்தாள்.

"அதெல்லாம் நான் அளந்தாச்சு. பிளேன்ல விடுற அம்பத்தஞ்சு சென்டிமீட்டர், ஒரு நூல் பிசகாது" என்றான் ஐயாதுரை.

"சக்கரத்தோட அளந்தியளா?"

"பெட்டியத்தான அளக்கணும்? சக்கரம் எதுக்கு?"

"அப்ப சக்கரத்தக் கழத்தி இங்கனயே வச்சிட்டுப் போகவா?"

சக்கரத்தோடு அளந்தால் நாலு விரல் கூடிப்போனது. அது போதாதென்று, உடம்பு எடை பார்க்கும் மிஷினில் வெறும் பெட்டியை வைத்தால் மூன்றரை கிலோ காட்டியது. கையில் கொண்டுபோக விமானத்தில் விடுவதே ஏழு கிலோதான். போட்டிச் சங்கம் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் கைப்பைக்கு மட்டுந்தான் இடம். தனியாகக் காசு கட்டிப் பெரிய பெட்டி போடலாம். ஆனால் பயிற்சி கொடுக்கும் பிரிஸ்கில்லா டீச்சர் அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஒரு வருசம் அப்படிப் போட்ட ஒரு பிள்ளையின் பெட்டி வேறு ஏதோ ஊருக்குப் போய்விட, அவள் இரவல் ஷூவில் நின்று கால் வழுக்கித் தோற்றுப் போனாளாம். ஷூ, பெல்ட், போட்டி உடுப்பு மூன்றும் கண் பார்வையிலேயே இருக்க வேண்டும் என்பது டீச்சரின் சட்டம்.

மறுநாள் இரண்டு பேருமாகப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். இந்தத் தடவை வண்டியில், தார்ப்பாய் போட்டு மூடி.

முத்து முகம்மது முகம் சுளிக்கவில்லை. "தம்பி, நீங்க பெரிசாக் குடுங்க, செவப்பாக் குடுங்கன்னுதான் கேட்டிய. பிளேனுக்குன்னு சொல்லியிருந்தா நானே தடுத்திருப்பேன். மூன்றரை கிலோ சாமானக் கொண்டுபோக மூன்றரை கிலோ பெட்டியா? சுண்டக்கா கால்பணம், சுமகூலி முக்கால்பணம்" என்று சிரித்தார். பிறகு துணிப்பைகளாக எடுத்து மேஜையில் போட்டார்.

செல்லக்கனி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஜிப்பை இழுத்தாள், தோள் வாரின் தையலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். அவள் இழுத்ததில் ஒரு பையின் வார் கையோடு வந்துவிட்டது. "இது வேண்டாம் அண்ணாச்சி" என்று பவ்யமாகத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று தேறியது. சக்கரம் இல்லை, பளபளப்பு இல்லை, ஒரு கிலோகூட இல்லை. அளவு கச்சிதம்.

"ரேஷன் கடைக்குப் போற பை மாதிரி இருக்கு" என்று முனகினான் ஐயாதுரை.

"நான் மாட்டிக்கிட்டுப் போறேன். நீங்க கண்ணப் பொத்திக்கிடுங்க."

புறப்படுகிற நாள் காலையில் எல்லாம் அடைத்து எடை போட்டால் ஏழு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. செல்லக்கனிக்கு நிம்மதி. அந்த நேரம் பார்த்து ஐயாதுரையின் போன் அடித்தது. அழைத்தவள் அவன் அக்காள் வெங்கடேஸ்வரி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கிறாள் அக்காள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். ஆனால் இரண்டு வருசமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உடம்போடு ஒட்டிய போட்டி உடுப்பில் செல்லக்கனி நிற்கிற படம் பேப்பரில் வந்த அன்று, "நம்ம குடும்பத்துப் பொம்பள நாலு பேரு முன்னாடி இப்பிடியா நிப்பா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தவள்தான். ஐயாதுரைக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. அக்காளையும் விட முடியவில்லை, பெண்டாட்டியின் பெருமையையும் விட முடியவில்லை. டெல்லிக்குப் போகுமுன் அக்காள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்துவிடாதா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தான்.

"மதுரைக்கு எங்க ஊரு வழியாத்தானலே போவிய? கடை முன்னாடி செத்த நேரம் நிப்பாட்டு" என்றாள் அக்காள். அவ்வளவுதான் பேச்சு.

கடை வாசலில் வண்டி நின்றதும் அக்காள் எழுந்து வந்தாள். கையில் இரண்டு கிலோ பால்கோவா, அழகாகக் கட்டி வைத்திருந்தாள். "டெல்லியில உன்கூட நிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் குடுட்டி. நம்ம ஊருல இருந்து போறவ வெறுங்கையோட போகக்கூடாது" என்று செல்லக்கனியிடம் நீட்டினாள். முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினாள், ஆனாலும் நீட்டினாள்.

ஐயாதுரைக்கு வியர்த்துவிட்டது. வாங்கினால் விமானத்தில் பை ஏறாது. வேண்டாம் என்றால் அக்காள் இந்த ஜென்மத்தில் பேச மாட்டாள். வாங்கி வண்டியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது சமாளித்துக்கொள்ளலாம் என்று பெண்டாட்டிக்குக் கண்ணைக் காட்டினான். அவள் கண்டுகொள்ளவில்லை. பையைக் கொண்டுபோய் கடைத் தராசின் மேல் வைத்தாள்.

"மதினி, ஏழு கிலோதான் விடுவாக. இப்பவே நெறஞ்சு கெடக்கு, பாருங்க."

தராசைப் பார்த்த அக்காளின் முகம் சுண்டிப்போனது. "நான் குடுத்ததுதான் கனமாப் போச்சாக்கும்" என்று கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அப்பிடி யாரு சொன்னா? செத்தப் பொறுங்க."

செல்லக்கனி ஸ்டூலில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். கட்டைக் குதிகால் வைத்த ஷூவை எடுத்துக் காலில் மாட்டினாள். செருப்பைக் கணவன் கையில் கொடுத்தாள். பிறகு உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த தோல் பெல்ட்டை உருவி, சுடிதாருக்கு மேலேயே இடுப்பில் சுற்றினாள். "பைக்குத்தான் எட போடுவாக. உடுத்தியிருக்கதுக்கு யாரு எட போடுதா? உள்ள சோதனையில கழத்தச் சொன்னா கழத்திட்டுத் திரும்பக் கட்டிக்கிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே, காலியான இடத்தில் பால்கோவாவை வைத்து ஜிப்பை இழுத்தாள். தராசு மறுபடியும் ஏழுக்குள் நின்றது.

கடையில் பால்கோவா வாங்க வந்த கூட்டம் வாங்குவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு அவசரப்பட்டவர்கள்கூட நகரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர், "யாரும்மா இது? இடுப்புல என்ன, மாட்டு வாரு மாதிரி கட்டியிருக்கு?" என்று அக்காளைக் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

ஐயாதுரை அக்காளைப் பார்த்தான். எந்த நாலு பேருக்கு அஞ்சி அக்காள் இரண்டு வருசம் பேசாமல் இருந்தாளோ, அந்த நாலு பேர் அவள் கடை வாசலிலேயே நிற்கிறார்கள்.

வெங்கடேஸ்வரி சிரித்தவர்களை ஒரு பார்வை பார்த்தாள். நேராகச் செல்லக்கனியிடம் போய், "தொளதொளன்னு கெடக்கேட்டி, இப்பிடியா கட்டுவ?" என்று பெல்ட்டைப் பிடித்து இன்னும் ஒரு துளை இழுத்து மாட்டினாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"என் தம்பி பொண்டாட்டி. நூத்திருபது கிலோ தூக்குவா. பிளேன்ல டெல்லிக்குப் போறா. சிரிச்ச ஆம்பளையள்ல ஒருத்தன் இங்க வந்து அம்புட்டுக் கனத்தத் தூக்கிக் காட்டட்டும், கடையில உள்ள பால்கோவாவ எல்லாம் சும்மாவே தாரேன்."

ஒருத்தரும் வரவில்லை. பெரியவர் மட்டும் செல்லக்கனியைப் பார்த்து, "ஜெயிச்சுட்டு வா தாயி" என்றார். நிற்கிற அத்தனை பேரையும் கட்டிப்பிடிக்கலாம் போல் இருந்தது ஐயாதுரைக்கு.

அக்காள் கடைப் பெண்ணிடம் கல்லாச் சாவியைக் கொடுத்தாள். தராசின் மேலிருந்த பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு போய் குட்டியானையின் முன் சீட்டில் ஏறினாள். பக்கத்தில் செல்லக்கனி, பெல்ட்டும் ஷூவுமாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெருக்கியடித்து உட்கார்ந்தாள்.

ஸ்டீயரிங்கைத் திருப்பக்கூட இடமில்லை. "அக்கா, பின்னாடி வண்டி பூராக் காலியாத்தான கெடக்கு. பைய அங்கிட்டுப் போடேன்" என்றான் ஐயாதுரை.

அக்காள் மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"ஏலே, நீ ரோட்டப் பாத்து ஓட்டு. அவ டெல்லியில தூக்கட்டும். மதுரை வரைக்கும் நான் தூக்குதேன்."