ஆபத்சகாயம் குதிரை ஏறிய வைபவம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு தை மாதத்தில், மங்களகரமான ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், நெய்வேலி நகரியத்து மைதானம் ஒன்றில் மனித குலத்தின் துயர் துடைக்கும் பொருட்டு ஒரு குதிரை வந்து நின்றது. வந்ததும் சாணி போட்டது.

குதிரையின் பெயர் முத்தழகு. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் சேத்தியாத்தோப்பு வெள்ளைக் குதிரை. வெளிநாட்டில் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளைக் குதிரையோடு பழகவிட்டு மனதுக்கு அமைதி தருகிறார்களாம். அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டார் ‘கருணைக்கடல்’ நற்பணி மன்றத் தலைவர் ஆபத்சகாயம். ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வு பெற்றுவிட்ட விஷயத்தை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நகரியத்துப் பயிற்சி மையத்துக்கும் அந்த அமைதியை வழங்கியே தீருவதென்று முடிவெடுத்துவிட்டார்.

ஜெனிஷா அந்த மையத்தில் மெழுகுவத்தி செய்கிறவள். இருபத்துமூன்று வயது. எழுத்துக் கூட்ட வராது, பேச்சு மெதுவாகத்தான் வரும். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே கிடையாது. அவளுக்குக் குதிரையின் காதைத் தொட வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

மையத்து ஆசிரியை மெர்லின் மிஸ் ஒரு வாரமாக பிளாஸ்டிக் நாற்காலியைக் குதிரையாக நிறுத்தி ஒத்திகை பார்த்திருந்தார். கத்தக் கூடாது. ஓடக் கூடாது. வால் பக்கம் போகக் கூடாது. மையத்துப் பிள்ளைகள் எல்லாரும் இதை மனப்பாடம் செய்து, பந்தலின் கீழ் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். மன்றத்தாருக்கு ஒத்திகை நடத்த யாருக்கும் தோன்றவில்லை.

வரவேற்புரை முடிந்தது. வாழ்த்துரை முடிந்தது. தலைமையுரை முடியவே இல்லை.

குதிரைக்காரர் கண்ணையன் மெர்லினிடம் வந்து தலையைச் சொறிந்தார். “மிஸ்ஸு, மந்தாரக்குப்பத்துல மாப்பிள்ள ரெடியாயிக்கினு இருப்பாரு. நான் கெளம்பணுங்க.”

“மிஸ், காது?” என்றாள் ஜெனிஷா.

“இரு ஜெனி. சார் பேசி முடிக்கட்டும்.”

“முடிக்க மாட்டாரு.”

ஆனால் முடித்தார். குதிரை மேல் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதற்காக முடித்தார். கழுத்தில் ஆளுயர மாலை, தலையில் ஜரிகைத் தலைப்பாகை. ஸ்டூல் போட்டு, நாலு பேர் முட்டுக் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். தருணத்தின் மகத்துவம் கருதி, தலைவரை வரவேற்க வந்திருந்த மேளக்காரர் தவிலை ஓங்கித் தட்டினார்.

முத்தழகுவின் கணக்கு சுலபமானது. முதுகில் மாலை போட்ட ஆள், காதில் மேளம்: கல்யாணம். முன்னங்காலைத் தூக்கிப் போட்டு, இடுப்பை ஒடித்து, ஆடத் தொடங்கியது. ஆடிக்கொண்டே மைதானத்தின் கேட்டைப் பார்த்து நகர்ந்தது.

“யோவ், புடிய்யா!” என்று அலறினார் ஆபத்சகாயம்.

“நிக்காதுங்க சார்!” கண்ணையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஆடாத குறையாக ஓடினார். “மேளத்த நிறுத்தினாலும் நிக்காது! பொண்ணு வூட்டுல ஆலம் சுத்தினாதான் நிக்கும். அப்படித்தான் பழக்கி வெச்சிக்கிறன்!”

முன்வரிசையிலிருந்த திருமதி ஆபத்சகாயம் எழுந்தார். “எந்தப் பொண்ணு வூடு?”

செயலாளர் ஓடினார். துணைத்தலைவர் கத்தினார். பொருளாளர் நேராக வால் பக்கம் போய் நின்று, ஏன் போகக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டார். பந்தலின் கீழ் யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஒன்று சாய்ந்தது. மெர்லின் மிஸ் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டார்.

ஜெனிஷா சிரிக்கவில்லை. கேட்டைத் தாண்டினால் காது போய்விடும். தலைவரை வரவேற்கச் சுற்றிய ஆலத்தின் சிவப்புத் தண்ணீர் எப்போதோ வாசலில் கொட்டப்பட்டுவிட்டது. மேசை மேல் இருந்தது கேசரி. அதுவும் சிவப்புதான். தட்டோடு எடுத்துக்கொண்டு நடந்தாள். ஓடக் கூடாதே! குதிரையும் ஆடி ஆடித்தான் போனது. குறுக்கு வழியாகப் போய் முன்னால் நின்று, தட்டை ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்று.

முத்தழகு சட்டென்று நின்றது. ஆபத்சகாயம் மட்டும் நிற்கவில்லை; முன்னால் சரிந்து குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

“சார், எறங்கு,” என்றாள் ஜெனிஷா. “என் டர்ன்.”

இறக்கினார்கள். தரையில் கால் பட்டதும் அவருக்குக் கம்பீரம் திரும்பிவிட்டது, மைக்கும் கைக்கு வந்துவிட்டது.

“அன்பர்களே! இதோ, இந்தச் சகோதரி அச்சத்தை வென்று, வாயில்லா ஜீவனோடு இதயத்தால் உரையாடுகிறாள்! அவள் உள்ளத்தில் இக்கணம் பொங்கும் பேருணர்வை அவளே சொல்வாள்!”

ஜெனிஷா காதைத் தொட்டாள். நுனியை மடக்கிப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். அவசரமே படவில்லை. பிறகு, வாயருகே நீட்டிய மைக்கில் சொன்னாள்:

“காது மாதிரிதான் இருக்குது.”