மின்விசிறியைப் போட்டது நான்

அச்சக முதலாளி தன் அறையில் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். மேசையோரம் மை டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் கருப்பு. தடயவியல் பிரிவில் படம் எடுப்பதும் குறிப்பு எழுதுவதும் என் வேலை. எதையும் தொடாமல் முதலில் அறை முழுவதையும் எடுத்துவிடுவேன். மற்றதெல்லாம் பிறகுதான். பதினோரு வருட வழக்கம்.

அன்று ஏழாவது படம் முடிந்ததும் வியர்வை கண்ணில் இறங்கியது. வீட்டில் போடுவதுபோல் கை தானாகச் சுவருக்குப் போய்விட்டது. மின்விசிறி சுழன்றது. மேசையிலிருந்த மூன்று தாள்கள் பறந்து, ஏற்கெனவே தரையில் கிடந்த இரண்டோடு சேர்ந்தன.

நிறுத்தினேன். பிறகு குறிப்பேட்டில் எழுதினேன்: ‘9.20. பழக்கதோஷத்தில் மின்விசிறியைப் போட்டேன். மூன்று தாள்கள் விழுந்தன. படம் ஏழு அதற்கு முன் எடுத்தது.’

இன்ஸ்பெக்டர் என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

“சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறியேம்மா. அதைக் கிழிச்சுப் போடு. யாரும் பாக்கல.”

“நான் பாத்தேனே சார்.”

“கோர்ட்ல வக்கீல் உன்னை நார் நாராக் கிழிப்பான்.”

“என்னைத்தானே சார். கிழிக்கட்டும்.”

பத்து நிமிடம் கழித்து முதலாளியின் மைத்துனர் அழுதுகொண்டே, காவலர்களைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடிவந்தார். அந்த நேரத்தையும் எழுதினேன். வெளியே அச்சகத்துக் காவலாளியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாவி அவரிடம் இருந்தது. அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

தரையில் கிடந்த ஒரு தாளில் மைபடிந்த காலணித் தடம் இருந்தது. அது மைத்துனரின் காலணி என்று தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. காவலாளியை விட்டார்கள், ஊர் விடவில்லை. போலீஸ் வந்தபிறகு ஓடிவந்து மிதித்த தடம் அது என்றார் மைத்துனர். கோர்ட்டில் அந்தப் பேச்சு எடுபட்டால் பழி திரும்பவும் காவலாளி தலையில்தான்.

நீதிமன்றத்தில் மைத்துனரின் வக்கீல் நிதானமாக நெருங்கினார்.

“அந்த ரூம்ல ஃபேன் போட்டது யாரும்மா?”

“நான்தான்.”

நான் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“அதை ஏன் மறைச்சீங்க?”

“மறைக்கலை. குறிப்பேட்டுல நாலாம் பக்கம்.”

நீதிபதி பக்கங்களைப் புரட்டினார். அவர் படித்து முடிக்க எவ்வளவு நேரமானாலும் எனக்குச் சம்மதமாக இருந்தது.

“அப்போ கீழ கிடந்த தாளெல்லாம் நீங்க பறக்கவிட்டதுதானே?” வக்கீல் விடவில்லை.

“மூணுதான். ஐயா, ஏழாவது படத்தைப் பாருங்க. ஃபேன் ஓடலை. மூணு தாளும் மேசையில இருக்கு. கீழ ரெண்டு. அதுல ஒண்ணுல அப்பவே தடம் இருக்கு. இவர் ஓடிவந்தது ஒன்பதரைக்கு.”

நீதிபதி பூதக்கண்ணாடி கேட்டு வாங்கினார். கூண்டில் நின்ற மைத்துனர் தன் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வக்கீல் “வேற கேள்வி இல்லை” என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் தீர்ப்பு. குற்றவாளி மைத்துனர்தான், காவலாளிக்கு இதில் துளிப் பங்கும் இல்லை என்று நீதிபதி தனியாகவே எழுதியிருந்தார்.

வெளியே படிக்கட்டில் காவலாளியும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள்.

“இத்தனை நாளா சந்து சந்தாப் பூந்து போயிட்டிருந்தேம்மா,” என்றார் காவலாளி. “இன்னைக்குக் கடைத்தெரு வழியாத்தான் போறோம்.”

“மெதுவாவே போவோம்,” என்றாள் அவள்.

பட்டப்பகல். கடைகள் எல்லாம் திறந்திருந்தன.